தரை கேட்கும் கணக்கு

பிசான நெல்லுக்குத் தொளி அடித்து வயலைச் சேறாக்குகிற நாட்களில் கீழப்பாவூர்க் குளத்து ஆயக்கட்டில் ஒரு டிராக்டராவது புதைந்து நிற்காமல் இருந்தால் அது அதிசயம். ஓட்டுகிறவர் அவசரக்காரராக இருப்பார். கேஜ் வீல் மாட்டச் சோம்பல்பட்டு ரப்பர் டயரோடேயே வயலுக்குள் விட்டிருப்பார். பின்சக்கரம் சுழலச் சுழல அது தன் குழியைத் தானே பறித்துக்கொள்ளும். அச்சு வரைக்கும் போன பிறகுதான் மனிதர் கீழே இறங்குவார். வரப்பில் நிற்கிற அத்தனை பேரிடமும் அப்போது ஆளுக்கொரு யோசனை இருக்கும்.

பக்கத்து வயலில் அதே கம்பெனி வண்டி, அதே தொளியில், கேஜ் வீலோடு சடசடவென்று போய்க்கொண்டிருக்கும். கேஜ் வீல் ஒன்றும் பஞ்சில் செய்தது அல்ல. பட்டையும் ஆங்கிளும் வைத்துப் பற்றவைத்த இரும்புக் கூண்டு. மாட்டினால் வண்டிக்கு எடை கூடத்தான் செய்யும். ஆக, எடை குறைந்த வண்டி புதைந்து கிடக்கிறது, எடை கூடிய வண்டி உழுதுகொண்டிருக்கிறது. வண்டி மொத்தம் எத்தனை டன் என்பதைப் பற்றித் தொளிக்கு அக்கறை கிடையாது. தன்மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் அதன் ஒரே கணக்கு.

இதே கணக்கை, நம் ஊரிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு வடக்கே, ஆவடியில் பொறியாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன் இருந்த வண்டியின் பெயர் அர்ஜுன், நம் ராணுவத்துக்கான டாங்கி. எடை 58.5 டன். அந்த எடையோடு அது மணலில் நின்றால், இரண்டு பக்கத்துச் சங்கிலிப் பட்டைகளும் பாரத்தைப் பரப்பிவிடுவதால், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டர்மேல் விழுவது ஒரு கிலோவுக்கும் குறைவு. நம் வீட்டு வாசலில் நிற்கிற கார், டயரில் அடித்த காற்றின் அழுத்தத்தை வைத்துப் பார்த்தால், தரையை இரண்டு கிலோ கணக்கில் அமுக்குகிறது. சேறோ மணலோ கேட்டால் டாங்கிதான் இலகுவான வண்டி என்று சொல்லும்.

இதைப் படித்துவிட்டு அறுபது டன்னெல்லாம் ஒரு எடையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். டாங்கி வயலிலேயே வாழ்வதில்லை. ரயில் ஏறிப் போக வேண்டும், பாலம் கடக்க வேண்டும். பாலத்திடம் போய் ஒரு சதுர சென்டிமீட்டர் கதையைச் சொல்ல முடியாது. நீ எவ்வளவு அகலமான பட்டை போட்டிருந்தாலும் மொத்த எடையும் என் தூண்மேல்தான் இறங்கும் என்று அது சொல்லிவிடும். ரயில்வேயோ எடையோடு அகலத்தையும் கேட்கும். ராணுவத்திடம் அதுவரை இருந்த ரயில் வேகன்களில் அர்ஜுனை அப்படியே ஏற்ற முடியவில்லை. அதற்கென்றே தனி வேகன்கள் செய்ய வேண்டியிருந்தது.

தொளிக்கு ஒரு கணக்கு, பாலத்துக்கு ஒரு கணக்கு. அர்ஜுனின் கதை முழுக்க இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கதை என்றுதான் எனக்குப் படுகிறது. பத்திரிகைகளில் அதைத் தாமதத்தின் கதையாகவே எழுதினார்கள். அது பொய்யில்லை. 1974இல் பதினைந்தரைக் கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்த திட்டம், 1990களின் நடுவில் முந்நூறு கோடியைத் தாண்டியது. 124 டாங்கிகளுக்கு ஆணை வந்தது 2000இல். முதல் ஐந்து வண்டிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004இல். அனுமதி வந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு அப்போது முப்பது வயது. கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் கோபம் எந்த இடத்தில் நியாயம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், இந்த எடை எங்கிருந்து வந்தது? திட்டம் தொடங்கியபோது பேசப்பட்டது 40 டன் வண்டி, 105 மில்லிமீட்டர் பீரங்கி. அதே ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965 முதல் வெளிவந்துகொண்டிருந்த விஜயந்தாவும் ஏறத்தாழ அந்த அளவு வண்டிதான். அது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1971 போரில் ஓடியது. பிறகு உலகம் மாறியது. எதிரி டாங்கியின் கவசம் தடித்தது, பீரங்கி 120 மில்லிமீட்டர் ஆனது. அதைத் தாங்கக் கோபுரம் பெரிதானது. கோபுரத்தைத் தாங்க உடல் பெரிதானது, உடலை இழுக்க இஞ்சின் பெரிதானது, இஞ்சினுக்கு எரிபொருள் வைக்க இடம் கூடியது, கூடின இடத்தைச் சுற்றி மறுபடி கவசம். கட்டிமுடிக்கிற வரைக்கும் ராணுவத்தின் தேவைப் பட்டியல் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. வீடு கட்டினவர்களுக்கு இது புரியும்.

எங்கள் பக்கத்தில் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்கள் உண்டு. அதில் ஒருவரிடம், டீக்கடை பெஞ்சில் வைத்து, “எதுக்கு மாமா இம்புட்டு எடை? ரஷ்யாக்காரன் நாப்பது சொச்சத்துல முடிச்சிட்டான்லா?” என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “உள்ள ஆளு இருக்கான்லா மாப்ளே” என்றார். அவ்வளவுதான் பதில். அதற்குமேல் விளக்கம் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்தப் பதிலுக்குள் இருந்த கணக்கு தெரிந்தது. ரஷ்ய டி-72, நம் ஆவடியிலேயே அஜேயா என்ற பெயரில் செய்யப்பட்டது. எடை நாற்பதை ஒட்டித்தான். எப்படி முடிந்தது? ஒரு ஆளைக் குறைத்துவிட்டார்கள். அர்ஜுனில் தளபதி, பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர் என்று நான்கு பேர். டி-72இல் குண்டு நிரப்ப மனிதன் இல்லை, இயந்திரம் நிரப்புகிறது. ஒரு ஆள் குறைந்தால் அவர் நிமிர்ந்து, திரும்பி, இருபது கிலோ குண்டைத் தூக்கி வைக்கிற இடம் மொத்தமும் குறையும். அந்த இடத்தைச் சுற்றியிருக்க வேண்டிய கவசமும் குறையும். டன் கணக்கில் லாபம். நட்டம் எங்கே என்றால், குண்டுகள் கோபுரத்துக்கு நேர்கீழே வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும், ஆட்கள் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். அடி உள்ளே இறங்கினால் எல்லாம் ஒன்றாக வெடித்துக் கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கும். 2022க்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்த படங்களில் தலையில்லாமல் கிடந்த டாங்கிகளை உலகமே பார்த்தது.

அர்ஜுனில் குண்டுகளைத் தனி அடைப்புக்குள் வைத்து, வெடித்தாலும் வேகம் ஆட்கள் பக்கம் வராமல் வெளியே போகிற மாதிரி செய்தார்கள். ஹைதராபாத் கஞ்சன்பாக்கிலுள்ள உலோகவியல் ஆய்வகம் கவசம் கொடுத்தது, அதன் பெயரும் கஞ்சன். அத்தனையும் எடை. அந்த எடையில் பெரும்பகுதி, உள்ளே இருக்கிற நான்கு பேர் திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் வெறுமனே கனமான வண்டி என்று கேலி பேசுவது எனக்கு ஒப்பவில்லை. எந்தக் கருவியிலும் எடை எங்கே கூடியிருக்கிறது என்று பார்த்தால், செய்தவர்கள் எதை இழக்க மனமில்லாமல் இருந்தார்கள் என்பது தெரியும்.

ஆனால் அக்கறைக்கும் ஒரு எல்லை உண்டு. அதை மீறியவர்களின் மாதிரி வண்டிகள் உலகத்தின் காட்சியகங்களில் நிற்கின்றன. ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப் போரின் கடைசியில் மவுஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். பெயர் என்னவோ எலி, எடை 188 டன். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு. எந்தப் பாலமும் தாங்காது என்று தெரிந்ததால் ஆற்றின் அடியிலேயே நடந்து கடக்க ஏற்பாடு செய்தார்கள். கரையில் நிற்கிற இன்னொரு மவுஸ் கேபிள் வழியாக மின்சாரம் கொடுக்க, இது தண்ணீருக்குள் போகும். ஒரு டாங்கி ஆற்றைத் தாண்ட இரண்டு டாங்கி வேண்டும்! செய்து முடித்ததே இரண்டு. இரண்டின் பாகங்களையும் சேர்த்து ஒன்றாக்கியது இப்போது ரஷ்யாவில் மாஸ்கோ அருகே குபிங்காவில் இருக்கிறது.

அமெரிக்கர்கள் செய்த டி-28 இன்னும் சுவாரஸ்யம். 86 டன். அவர்கள் நம் கேஜ் வீல் வித்தையைத்தான் செய்தார்கள், பக்கத்துக்கு ஒரு பட்டைக்குப் பதில் இரண்டிரண்டு பட்டை போட்டார்கள். தரை தாங்கியது. ஆனால் அகலம் கூடிவிட்டதே, ரயிலில் எப்படி ஏற்றுவது? வெளிப்பட்டைகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துப் பூட்டி, வண்டியின் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகலாம் என்று வைத்தார்கள். தொளிக்கும் பாலத்துக்கும் ஒரே வண்டியில் பதில் சொல்ல இவ்வளவு யோசித்தவர்கள், இஞ்சினைக் கோட்டைவிட்டார்கள். 500 குதிரைத்திறன். டன்னுக்கு ஆறு குதிரைகூடத் தேறாது. மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் ஓடியது, நம் ஊர் சைக்கிள் தாண்டிப் போய்விடும். இரண்டு வண்டிகள் செய்தார்கள். ஒன்று சோதனையில் தீப்பிடித்தது. இன்னொன்று எங்கே போனது என்றே மறந்துபோய், 1974இல் விர்ஜீனியாவில் ஒரு ராணுவ முகாமின் பின்பக்கக் காட்டில் கண்டெடுத்தார்கள். இங்கே அர்ஜுனுக்கு அனுமதி கொடுத்த அதே வருடம்.

இஞ்சின்தான் அர்ஜுனுக்கும் தீராத வலி. 1500 குதிரைத்திறன் கொண்ட இஞ்சினை நாமே செய்துவிடலாம் என்று தொடங்கினார்கள். செய்ய முடியவில்லை. ஜெர்மனியின் எம்.டி.யு. இஞ்சினை, 1400 குதிரைத்திறனுக்கு, வாங்கி வைத்தார்கள். கியர்ப்பெட்டியும் ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்துடையது. சரி, வாங்கியதாவது சும்மா இருந்ததா? ராஜஸ்தான் வெயிலில் சூடேறியது, மின்னணுக் கருவிகள் முரண்டு பிடித்தன. ஐரோப்பாவின் குளிருக்கு வரைந்த பொருள் மகாஜன் சுடுதளத்தின் மணலில் வேறு பொருளாக நடந்துகொண்டது. இதில் நாம் மட்டும் தனியாக இல்லை. 1988 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கியைப் பாகிஸ்தானுக்கு விற்பதற்காகப் பகவல்பூர் பாலைவனத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அங்கே எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை, பாகிஸ்தானும் அதை வாங்கவில்லை. அந்தச் சோதனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய விமானத்தில்தான் பாகிஸ்தான் அதிபர் ஜெனரல் ஜியா இறந்தார் என்பது தனிக் கதை.

விஜயந்தாவை இருபது ஆண்டுகள் செய்த தொழிற்சாலைக்கு அர்ஜுனைச் செய்ய ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதில், உரிமம் வாங்கிச் செய்கிறவருக்கு வரைபடம் கிடைக்கும் என்பதில் இருக்கிறது. இந்தத் தகடு இத்தனை மில்லிமீட்டர், இந்தத் துளை இத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். ஏன் இத்தனை என்பது இருக்காது. அந்தக் காரணம் விக்கர்ஸ்காரர்கள் உடைத்து எறிந்த மாதிரிகளில் இருந்தது. அதை யாரும் விற்பதில்லை.

அப்படி ஒரு ‘ஏன்’ எனக்குத் தெரியவந்தது பாவூர்சத்திரம் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் அங்கே ஒரு காட்சி. கார் பருவ நெல் சாகுபடிக்குக் கேஜ் வீல் பழுதுபார்க்க வரிசையாக வந்து நிற்கும். பட்டறைக்காரர் வெல்டிங் ராடுகளை ஒரு தகர டின்னுக்குள் போட்டு, டின்னுக்குள் எரிகிற குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். எதற்கு என்றேன்.

“ஈரக்காத்துல ராடு நமுத்துரும் அண்ணாச்சி. நமுத்த ராடுல ஒட்டுனா மேல பாக்கப் பளபளன்னு இருக்கும். உள்ள பூராவும் பொத்தலு. தொளிக்குள்ள எறங்கின பொறவுதான் விட்டுரும்.”

கவச எஃகைப் பற்றவைப்பதிலும் எதிரி இந்த ஈரம்தான், ஆனால் அங்கே அது இன்னும் வஞ்சகமானது. ராடில் ஒட்டிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து உருகிய இரும்புக்குள் போய்விடும். பற்றவைத்து முடித்து, ஆறி, பார்த்தவர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, மறுநாள் கூட உள்ளே விரிசல் விடும். கடினமான எஃகு என்றால் இந்த ஆபத்து அதிகம், கவசமோ கடினமாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால் தகட்டை முன்கூட்டியே சூடாக்கி, ராடை அடுப்பில் உலர்த்தி, ஹைட்ரஜனை விழுங்கிக்கொள்கிற துருப்பிடிக்காத எஃகு ராடில் பற்றவைப்பது வழக்கம். அந்த ராடு விலை கூடியது, பற்றவைத்த இடம் தகட்டைவிட மென்மையாகவும் இருக்கும். மாற்று என்ன என்று சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் ஹைதராபாத் ஆய்வகத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் சோதனை செய்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஒட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, சுட்டுப் பார்த்து. டாங்கி என்றதும் யார் கண்முன்னும் சிதம்பரத்து ஆய்வுக்கூடம் வருவதில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். ஒரு நாடு கனமான ஒன்றைச் செய்ய முயலும்போது அந்த முயற்சிக்கும் எடை உண்டு. அதுவும் எதன்மேலோ நிற்கிறது. 1974இல் அது நின்ற பரப்பு மிகச் சிறியது: ஆவடியில் ஒரு ஆய்வு நிறுவனம், புனேயில் பீரங்கிக்கு ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று, இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. இவ்வளவு பெரிய டாங்கிக்கு இஞ்சினைத் தானே வடிவமைத்துச் செய்த அனுபவம் நாட்டில் இல்லை. அறுபது டன் வண்டியைப் பாலைவன மணல் தாங்கிவிட்டது, முயற்சியின் அழுத்தத்தை நம் தொழில்துறை தாங்கவில்லை. திட்டம் ரப்பர் டயரோடு தொளியில் இறங்கிய வண்டி மாதிரி அச்சு வரைக்கும் புதைந்தது. வரப்பில் நின்றவர்களில் பாதிப்பேர் எடையைக் குறை என்றார்கள், மீதிப்பேர் வேறு வண்டி வாங்கு என்றார்கள். வாங்கவும் செய்தார்கள், 2001இல் ரஷ்யாவின் டி-90ஐ. உடனடித் தேவைக்கு அது சரியான முடிவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூச்சலில் தொடுபரப்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

எடை குறையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்த அர்ஜுன் மார்க் 1ஏ, பழையதைவிடக் கனமானது, 68 டன். எழுபத்திரண்டு மேம்பாடுகள். ஆனாலும் வண்டி நகர்ந்தது, காரணம் அதன் கீழே தரை விரிந்திருந்தது. வார்ப்பு, தகடு, மின்னணு, கண்ணாடி, ரப்பர், பட்டைக்கண்ணி என்று ஒவ்வொன்றிலும் கைதேர்ந்த இடங்கள் நாடு முழுக்க உருவாகியிருந்தன. 2010இல் பாலைவனத்தில் டி-90ஓடு அர்ஜுனை ஓட விட்டுப் பார்த்தார்கள். அதுவரை கேலி செய்தவர்களும் அதன்பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கனமான காரியம் புதைகிறதா போகிறதா என்பது, அது எத்தனை டன் என்பதைவிட எத்தனை இடத்தில் கால் ஊன்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழப்பாவூர் விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்கை வகுப்பவர்களுக்குத்தான் புரிய நாளாகிறது.

இதை ஒப்புக்கொண்டால் கோபம் எங்கே நியாயம் என்பதும் தெளிவாகிவிடும். முதல் மாதிரி உடைந்ததற்கும் பத்தாவது மாதிரி சூடேறியதற்கும் கோபப்பட ஒன்றுமில்லை, மாதிரி செய்வதே அதற்குத்தான். உள்நாட்டு இஞ்சின் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஜெர்மன் இஞ்சின் வந்துவிட்டதே என்று அந்தப் பக்கம் பல பத்தாண்டுகள் தீவிரமாகத் திரும்பாமல் இருந்ததற்குத்தான் கோபம் வர வேண்டும். அதன் பலன் இப்போது தெரிகிறது. 2021 செப்டம்பரில் 118 மார்க் 1ஏ வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆவடிக்கு ஆணை கொடுத்தார்கள். தொழிற்சாலை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கவசமும் பீரங்கியும் இருக்கின்றன. இஞ்சின் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது, அது நினைத்த நேரத்தில் வந்து சேரவில்லை.

லடாக் எல்லைக்கென்று அதே ஆவடி ஆய்வு நிறுவனம் எல் அண்ட் டி-யோடு சேர்ந்து உருவாக்கிய ஜொராவர், 25 டன் இலகு டாங்கி, 2024 ஜூலையில் குஜராத்தின் ஹஸீராவில் வெளியே காட்டப்பட்டது. ஏறக்குறைய இரண்டே ஆண்டில் முதல் மாதிரி. அர்ஜுனுக்கு ஆனதோடு ஒப்பிட்டால் கண்ணிமைக்கும் நேரம். எடை குறைவு என்பதால் மட்டும் இந்த வேகம் வந்துவிடாது. அர்ஜுன் ஐம்பது ஆண்டு அமுக்கி அமுக்கி இறுகச் செய்த தரைமேல் இது ஓடியது. அதிலும் இஞ்சின் வெளிநாட்டுடையதுதான். முதலில் ஜெர்மன் இஞ்சினைத்தான் நம்பியிருந்தார்கள், அனுமதி இழுத்தடிக்கவே அமெரிக்க கம்மின்ஸுக்கு மாறினார்கள்.

2024 மார்ச்சில் மைசூரு பெமல் தொழிற்சாலையில், 1500 குதிரைத்திறன் டாங்கி இஞ்சின் ஒன்றை முதல் முறையாக இயக்கிப் பார்த்தார்கள். 1970களில் நினைத்த அதே 1500. சோதனை மேடையில் இயங்கிவிட்டது. அடுத்து அது ஒரு டாங்கியின் பின்பக்கத்தில், காற்றுக்கு வழி குறைந்த பெட்டிக்குள் உட்கார்ந்து, 68 டன்னை இழுத்துக்கொண்டு, மே மாத ராஜஸ்தானில் ஓட வேண்டும். சூடேறும். எதுவாவது உடையும். அப்போது தலைப்புச் செய்தி என்னவாக இருக்கும் என்று இப்போதே எழுதித் தந்துவிடலாம்.